எட்டு நிமிஷம்

உக்காருங்க தங்கச்சி, தாராளமா உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கறேன். ஜன்னலோரம் நீங்களே எடுத்துக்கங்க, எனக்கு ரோட்டைப் பாத்துக்கிட்டு வரப் புடிக்காது. மதுரைக்கா? நான் துவரங்குறிச்சில எறங்கிருவேன். மூணு மணி பஸ்ஸு, வழக்கம்போல முன்னாடியே வந்து ஏறிட்டேன். என் வாட்சு எப்பவும் எட்டு நிமிஷம் கூட ஓடும். கெட்டுப்போகல, நான்தான் அப்படி வச்சிருக்கேன். டெலிபோன் ஆபீஸ்ல வெளியூர் கால் போட்டுக் குடுக்கற டிரங்க் ஆப்ரேட்டரா சேந்த வருஷத்துலேருந்து பழக்கம். காலைல ஆறு மணி ஷிப்டு, ஒரு நிமிஷம் லேட்டானாலும் சூப்பர்வைசர் ரிஜிஸ்டரை மூடிருவாரு. அதுக்காக வாட்சும் எட்டு நிமிஷம் கூட, வீட்டு ஹால்ல தொங்குற கெடிகாரமும் எட்டு நிமிஷம் கூட. முப்பத்திமூணு வருஷ சர்வீஸ்ல ஒருநாள் லேட்டாப் போனதில்ல.

சத்தம் என் போன்தான். பயப்படாதீங்க. கார் கெளம்பிருச்சுன்னு சொல்லுது.

என் காரு இல்ல, என் மகன் காரு. இப்ப அவன் காரும் இல்ல, வித்தாச்சு. ஆனா அது எந்த ஊர்ல எந்தத் தெருவுல திரும்பினாலும் எனக்குச் சொல்லிரும். வேகமாப் போனா சொல்லும். டக்குன்னு பிரேக் அடிச்சா சொல்லும். ஏன் அப்படிப் பாக்குறீங்க? நான் ஒண்ணும் திருட்டுத்தனம் பண்ணல. வாங்குனவருக்கும் தெரியும். அவரைப் பாக்கத்தான் இப்பப் போறேன்.

செந்தூரன்னு பேரு என் மகனுக்கு. ஒரே புள்ள. மருந்துக் கம்பெனி ரெப்பு. திங்கக்கெழமை கீரனூர், செவ்வாக்கெழமை விராலிமலை, மணப்பாறைன்னு தினம் ஒரு ஊரு, டாக்டர் டாக்டராப் போய் நிக்கணும். பைக்குல போயிட்டிருந்தவன் கார் வாங்குனான். வெள்ளைக் காரு, பழசுதான், ஆனா நல்ல வண்டி. அதுக்கு இன்சூரன்ஸ் போட எங்க தெரு ஏஜெண்டு பக்கிரிசாமி வந்து மூணு தாளை டீப்பாய் மேல விரிச்சாரு. ஒண்ணு சாதா, வருஷம் ஒரு தடவை கட்டிட்டு மறந்துரலாம். ரெண்டாவது, எத்தனை கிலோமீட்டர் ஓடுதோ அதுக்குத் தகுந்த மாதிரி. மூணாவதுதான் இது. ஸ்டியரிங்குக்குக் கீழ தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருப்புப் பெட்டியைச் சொருகிருவாங்க, போன்ல ஒரு ஆப்பை ஏத்திருவாங்க. எப்படி ஓட்டுறாங்கன்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். நூத்துக்கு இத்தனைன்னு மார்க்குப் போடும். நல்லா ஓட்டினா அடுத்த வருஷம் தள்ளுபடி. வீட்ல இன்னொருத்தர் போன்லயும் அதைப் பாக்கலாம்னு பக்கிரிசாமி ஒரு வார்த்தை சேத்துச் சொன்னாரு பாருங்க, அங்கதான் நான் நிமிந்து உக்காந்தேன்.

எங்க வீட்டுக்காரர் ரெண்டாவதப் போடச் சொன்னாரு. செந்தூரன் சாதாவே போதும்னான். நான் மூணாவதுன்னு சொல்லிட்டேன். தள்ளுபடிக்கு இல்ல தங்கச்சி, சத்தியமா இல்ல. புள்ள எங்க இருக்கான்னு தெரிஞ்சாத்தானே நமக்குச் சோறு எறங்கும். எங்க வீட்டுக்காரர் மட்டும், "அவனை நிம்மதியா ஓட்ட விடு திலகா"ன்னாரு. செந்தூரன் சிரிச்சான். "டெலிபோன் ஆபீஸ்லயே ஊர்ப் பேச்செல்லாம் ஒட்டுக் கேட்டவங்க, வீட்ல சும்மா இருப்பாங்களாப்பா? அம்மாவுக்கு நிம்மதின்னா மாட்டிட்டுப் போகட்டும்"னான். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சொல்லுவாங்க. என் புள்ள மனசு கல்லு இல்ல.

நான் கண்கொத்திப் பாம்பாத்தான் இருந்தேன், ஒத்துக்கறேன். போன் சத்தம் போட்டா அடுப்புல பால் இருந்தாலும் விட்டுட்டு ஓடுவேன். வேகம் எம்பதத் தாண்டுனா உடனே கூப்டுருவேன். செல்லுல இல்ல, லேண்ட்லைன்ல. ஆயிரம் செல்லு வரட்டும், லேண்ட்லைன் மாதிரி வருமா? எங்க வீட்ல இன்னும் வச்சிருக்கேன், ஹால்ல, கெடிகாரத்துக்கு நேர் கீழ. "எங்கடா வர்ற?"ன்னு கேப்பேன். நீங்களும் வீட்ல அதைத்தானே கேப்பீங்க? "மெதுவாப் போடா"ம்பேன். "சரிம்மா"ம்பான். வேகம் குறைஞ்சிரும், நானே ஆப்புல பாப்பேன். அதுல ஒரு திருப்தி.

ஆனா மார்க்கு மட்டும் ஏறவே மாட்டேங்குது. வேகத்துல நல்ல மார்க்கு, பிரேக்குல நல்ல மார்க்கு, ஒண்ணே ஒண்ணுதான் இழுத்து விட்டுரும். ‘கையில் போன்’னு வரும். ஓட்டும்போது போனை எடுக்குறான். ஒரு நாளைக்கு நாலு தடவை, அஞ்சு தடவை. ஒருநாள் சாப்பாடு போடும்போது கேட்டே புட்டேன், யாருடா அது ரோட்ல போறவனை விடாமக் கூப்புடுறதுன்னு. அவன் அப்பாவைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, "ஒரு ஆளு இருக்காங்கம்மா. எடுக்கலைன்னா அழுதுருவாங்க, அதான் எடுத்துர்றேன்"னான். எனக்குச் சுருக்குன்னுச்சு. தை மாசம் நிச்சயம் வைக்கலாம்னு அப்பத்தான் ஒரு எடம் பேசியிருந்தோம், மிருதுளான்னு, உறையூர்ப் பொண்ணு. சரி, அதுதான் போலருக்கு, கல்யாணத்துக்கு முன்னாடியே இத்தனை புடுங்கலான்னு மனசுக்குள்ள வச்சுக்கிட்டேன்.

இது எந்த ஊரு, விராலிமலையா? மயில் பொம்மை தெரிஞ்சாச் சொல்லுங்க, நான் கண்ணை மூடிக்கறேன். தாண்டுன பிறகும் சொல்லுங்க.

இங்கேருந்து மணப்பாறை போற ரோடுதான். ஆவணி மாசம், ஒரு செவ்வாக்கெழமை. பட்டப்பகல். வைக்கோல் லோடு ஏத்துன டிராக்டர் ஒண்ணு ரோட்டோரமா நின்னுருக்கு. லோடு சரியாம இருக்க மூங்கில் வாரை குடுத்துக் கட்டுவாங்க இல்ல, அது பின்னாடி நீட்டிக்கிட்டு இருந்துருக்கு. வண்டிக்குப் பெரிசா ஒண்ணுமில்ல தங்கச்சி. முன் கண்ணாடி போச்சு. அவ்வளவுதான். ஒரு வாரத்துல புதுக் கண்ணாடி போட்டு, சீட்டை மாத்தி, வண்டி புதுசு கணக்கா வந்துருச்சு. வண்டி வந்துருச்சு.

தாண்டிட்டோமா? சரி.

பெட்டி என்னென்ன எழுதி வச்சிருந்துச்சோ அதையெல்லாம் பக்கிரிசாமி கம்பெனிலேருந்து தாளா எடுத்துட்டு வந்தாரு. குடுக்கும்போது என் மூஞ்சியவே பாக்கல. எங்க வீட்டுக்காரர் கையில குடுத்துட்டு, காபி கூடக் குடிக்காமப் போயிட்டாரு. நான் வாங்கிப் படிச்சேன். பதினொன்னு நாப்பத்தொண்ணு, வேகம் தொண்ணூத்தி நாலு. பதினொன்னு நாப்பத்திரெண்டு, கையில் போன். அதே நாப்பத்திரெண்டு, திடீர் நிறுத்தம். அதுக்குக் கீழ ஒண்ணுமில்ல, வெறும் தாள்.

அப்ப யாரோ கூப்புட்டுருக்காங்க இல்ல? அந்த நாப்பத்திரெண்டாவது நிமிஷத்துல யாரோ ஒருத்தி கூப்புட்டு என் புள்ள உயிரை வாங்கிட்டா. அவன் போனு நொறுங்கிப் போச்சு, அதுல பாக்க வழியில்ல. நான் விடுவேனா? நேரா உறையூருக்குப் போனேன். அந்தப் பொண்ணு அப்பவே பாதியாயிருந்துச்சு. நீதானேம்மா கூப்புட்டன்னு கேட்டேன். அது என்னையவே பாத்துச்சு. "நான் அவர் ஓட்டும்போது கூப்புடவே மாட்டேன் அத்தை. ஓட்டும்போது அம்மா ஒருத்தங்க கூப்புடுறது போதும், நீயும் ஆரம்பிக்காதன்னு சொல்லிருந்தாரு"ன்னுச்சு. கேட்டீங்களா? அம்மா ஒருத்தி போதும்னு சொல்லிருக்கான். நான் அதுக்குத்தான் அழுதேன். கட்டிக்கப்போற பொண்ணுகிட்டயே அப்படிச் சொல்ற புள்ள எத்தனை பேருக்கு வாய்க்கும் சொல்லுங்க. அந்தப் பொண்ணும் அழுதுச்சு. ஆனா யார் கூப்புட்டான்னு மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டுச்சு. அதுக்குத் தெரியும். பக்கிரிசாமிக்கும் தெரியும். எல்லாரும் ஏதோ ஒண்ணத் தெரிஞ்சுக்கிட்டு எங்கிட்ட மட்டும் மறைக்கிறாங்க.

நானா? கூப்புட்டேனே. அதைத்தான் சொல்ல வரேன். உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு தெரியல, சொல்லணும்போல இருக்கு. யாரும் நம்ப மாட்டாங்கன்னு வீட்டுக்கு வெளிய எங்கயும் சொல்றதில்ல.

அன்னிக்கு வேகம் தொண்ணூத்தி நாலுன்னு என் செல்லு கத்துச்சு. நான் வழக்கம்போல லேண்ட்லைன எடுத்துப் போட்டேன். எடுத்தான். "எங்கடா வர்ற?"ன்னேன். "விராலிமலை தாண்டிட்டேம்மா"ன்னான். "தொண்ணூத்தி நாலுல போறியே, மெதுவாப் போடா"ன்னேன். "சரிம்மா, ஒரு..."ன்னான். அதோட கட்டாயிருச்சு. அந்தப் பக்கம் டவர் சரியில்ல. ரிசீவரை வச்சுட்டு நிமிந்து மணியப் பாத்தேன். டிரங்க் ஆப்ரேட்டருக்கு அது ரத்தத்துல ஊறுன பழக்கம், பேச்சு முடிஞ்சா அந்தக் காலுக்கான டிக்கெட்ல நேரம் எழுதணும். பதினொன்னு அம்பது. முள்ளு பத்து மேல நின்னுச்சு, இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

புரியுதா தங்கச்சி? நாப்பத்திரெண்டுக்கு எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு பெட்டி சொல்லுது. எங்கிட்டப் பேசுனது அம்பதுக்கு. எல்லாம் முடிஞ்சு எட்டு நிமிஷம் கழிச்சு என் புள்ள எங்கிட்டப் பேசிட்டுத்தான் போயிருக்கான். நான் கூப்புட்டா எடுக்காம இருக்கக் கூடாதுன்னு அந்த நெலமையிலயும் எடுத்துருக்கான். அந்தக் குரல்ல வலி இல்ல. நல்லா, தெளிவா, எப்பவும் போல "சரிம்மா"ன்னான். அந்த எட்டு நிமிஷத்த வச்சுக்கிட்டுத்தான் தங்கச்சி நான் உயிரோட இருக்கேன்.

எங்க வீட்டுக்காரருக்கு அது ஆகல. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள், குளிச்சுட்டு வரேன், மனுஷன் ஸ்டூல் போட்டு ஏறி நின்னு கெடிகாரத்துல கைய வச்சுக்கிட்டு இருக்காரு. என்ன பண்றீங்கன்னேன். "சரியான மணி வைக்கிறேன் திலகா"ன்னாரு. முப்பது வருஷமா இல்லாத சரி இப்ப என்னத்துக்குன்னு கேட்டேன். முள்ளைப் புடிச்சுக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டு நின்னாரு. கண்ணு ரெண்டும் நெறைஞ்சு போச்சு. சாவு விழுந்த வீட்ல கெடிகாரத்தத் திருத்துறதுதான் வேலையா? அவர் கடைக்குப் போனதும் நான் ஏறி எட்டு நிமிஷத்தத் திரும்பக் கூட்டி வச்சேன். மறுநாளும் திருத்துனாரு. நானும் கூட்டுனேன். மூணாம் நாள் விட்டுட்டாரு. இப்ப ஹாலுக்கே வரதில்ல, பின்னாடி ரூம்லயே இருந்துக்கறாரு. எங்கிட்டக் கோவமெல்லாம் இல்ல. மாத்திரை எடுத்துக் குடுக்கறாரு, தட்டு கழுவி வைக்கறாரு. பேச்சுதான் இல்ல.

காரை அவருதான் வித்தாரு. துவரங்குறிச்சில ஸ்டூடியோ வச்சிருக்கற ஆரோக்கியசாமின்னு ஒருத்தர், கல்யாணத்துக்கெல்லாம் போட்டோ எடுப்பாரு. முப்பது வயசு இருக்கும். ஒரு பொண்டாட்டி, மூணு வயசுல ஒரு பாப்பா. வண்டியெடுக்க வந்தப்ப நான் தனியாக் கூப்புட்டுச் சொன்னேன், தம்பி, இந்தப் பெட்டி இருக்கட்டும், உங்க போன்ல ஆப்பை ஏத்திக்கங்க, எனக்கும் தெரியற மாதிரி விட்டுருங்கன்னு. பழைய ஓனரோட அம்மா கேக்குறாங்களேன்னு ஒத்துக்கிட்டாரு. என் நம்பரைக் ‘கார் அம்மா’ன்னு போட்டு வச்சிருக்காராம். முகூர்த்த நாள்ல பறப்பாரு, நான் கூப்புடுவேன், எங்க வர்றீங்க தம்பின்னு கேப்பேன். தங்கமான புள்ள, ஒரு தடவை கூட எடுக்காம இருந்ததில்ல.

போன வாரம்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாரு. பாலிசி முடியுது, பேரு மாத்தணும், அடுத்த வருஷத்துக்கு நான் சாதாவே போட்டுக்கறேம்மா, பெட்டியக் கழட்டிரலாம்னு. வீட்ல அவர் பொண்டாட்டி பயப்படுதாம். எதுக்குப் பயப்படுதுன்னு தெரியல. அதான் நேர்ல வரேன் தம்பி, நாளைக்கு ஏஜெண்டுகிட்டப் போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்கன்னு கெளம்பிட்டேன். அந்த மூணாவதையே போடச் சொல்லி கால்ல விழுந்தாவது கேக்கணும். பெட்டி போயிருச்சுன்னா எனக்கு எதுவும் சத்தம் போடாது தங்கச்சி. வீடு அப்படியே கெடக்கும்.

பஸ் ஸ்டாண்டுக்கு அவரே வந்து கூட்டிட்டுப் போறேன்னுட்டாரு. அந்தா, பாருங்க, கத்துது. எம்பத்தாறு. பஸ்ஸு வந்துரும்னு அவசரமா வராரு போலருக்கு. பாப்பாவையும் கூட்டிட்டு வரேன்னு சொன்னாரு. இருங்க, ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்.

கைய விடுங்க தங்கச்சி. ஏன் புடிக்கிறீங்க? எம்பத்தாறுல வராரு, பாப்பா இருக்கு வண்டியில. விடுங்கன்னா.

தம்பி? எங்க வர்றீங்க? நான் வந்துக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் அவசரமில்ல. மெதுவா வாங்க. மெதுவா. பாப்பா என்ன பண்ணுது? சரி சரி. வச்சுர்றேன்.

பாத்தீங்களா, உடனே எடுத்துட்டாரு. செந்தூரனும் இப்படித்தான், எத்தனை வேகத்துல போனாலும் நான் கூப்புட்டா எடுத்துருவான். மணி என்ன, நாலு இருபத்தஞ்சு. நேரத்துக்கு வந்துருவோம்.

இன்னொண்ணு வருது. ‘கையில் போன்’னு போடுது. பாருங்க இந்த அநியாயத்த, இவருக்கும் எவளோ ஒருத்தி கூப்புட்டுருக்கா, பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு வண்டி ஓட்டுறவருக்கு. நாலு பதினேழுக்கு.

நாலு பதினேழு.

நான் பேசுனது நாலு இருபத்தஞ்சுக்கு. இப்பத்தானே பேசுனேன். நீங்க பாத்தீங்கல்ல, இப்பத்தான வச்சேன்.

என்ன, உங்க போன்ல மணி காட்டுறீங்களா? தெரியும் தங்கச்சி. என் வாட்சுல எட்டு நிமிஷம் கூடன்னு நான்தானே ஏறுன ஒடனே சொன்னேன். கழிக்கச் சொல்றீங்க. எங்க வீட்டுக்காரரும் ஸ்டூல் மேல நின்னுக்கிட்டு அதைத்தான் சொன்னாரு, வாயத் தொறக்காம. எனக்குக் கழிக்கத் தெரியாதா? டிரங்க் டிக்கெட் ஆயிரம் பத்தாயிரம் போட்டவ நான்.

கழிச்சா அவன் எங்கிட்ட அப்புறம் பேசல தங்கச்சி. பேசும்போதே...

தண்ணி வேணாம். நீங்க அழுவாதீங்க.

துவரங்குறிச்சி வந்துருச்சு. அந்தா, மருந்துக்கடைக்கு முன்னாடி வெள்ளை வண்டி. அவருதான், மஞ்சச் சட்டை. பாப்பாவத் தூக்கி வச்சுருக்காரு பாருங்க, அது பஸ்ஸுக்கெல்லாம் கையாட்டுது. நல்லா வந்து சேந்துட்டாங்க. நல்லா வந்து சேந்துட்டாங்க ரெண்டு பேரும்.

இல்ல, நான் எறங்கல. கண்டக்டர் தம்பிகிட்டச் சொல்லுங்க, ஒரு டிக்கெட் மதுரைக்குப் போடச் சொல்லுங்க. எங்கயாவது எறங்கித் திரும்பிக்கறேன். அவர் சாதாவே போட்டுக்கட்டும். பெட்டியக் கழட்டி எறிஞ்சுரட்டும்.

போன்ல அவருதான் அடிக்கிறாரு, இந்தாங்க, நீங்களே வச்சுக்கங்க. எங்க வர்றீங்கம்மான்னு கேக்க இருக்கும். அடிக்கட்டும், எடுக்காதீங்க. ஆப்புல பாருங்க, வண்டி நிக்குதுன்னு காட்டுதா? நிறுத்திட்டுத்தான் கூப்புடுறாரு தங்கச்சி. வண்டிய ஓரமா நிறுத்திட்டு.